பெப்ரிசியஸ் ஐயர் நினைவு: சிறைக்குப் போனதையும் சொல்லலாமா?

ஜெபா_தரங்கை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

வரும் ஜனவரியில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபை) போதகரின் வாழ்க்கையையும் ஊழியத்தையும் நினைவுகூர்ந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபது நிமிடம். தரங்கம்பாடிக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்க் ஐயரைப் பற்றி, அவர் வந்திறங்கிய ஜூலை 9-ஐ ஒட்டி வருடா வருடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஷ்வார்ட்ஸ் ஐயர் என்று ஆரம்பித்தால் அவர் ஊழியம் செய்த தஞ்சாவூரிலிருந்து வந்து குடியேறிய நாலு குடும்பம் என்னைவிட அதிகமாகப் பேசும். அதனால் ஜோகான் பிலிப் பெப்ரிசியஸை எடுத்துக்கொண்டேன். அவர் பிறந்தது 1711 ஜனவரி 22, மாதமும் பொருந்துகிறது.

ஜெர்மனியில் கிளேபெர்க் என்ற சிற்றூர். முதலில் சட்டம் படித்து, அப்புறம் ஹாலே நகரத்தில் இறையியல். 1740 ஆகஸ்டில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். 1742 கடைசியில் சென்னை மிஷனுக்குப் போனார். அதோடு சரி, 1791-ல் சாகும்வரை ஊர் திரும்பவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வேதாகம மொழிபெயர்ப்பு, ஞானப்பாட்டுகள், அகராதி, இலக்கணம் என்று அவர் செய்து வைத்தது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை.

இதெல்லாம் எழுதி முடித்து, கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். வயதான காலத்தில் அவர் பணவிவகாரத்தில் மாட்டி, கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சென்னையில் சிறையில் இருந்தார் என்பதை. எங்கள் சபைப் பொருளாளர் ஐயா வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பத்தி முழுக்கச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். குறுக்காக, ஒரே இழுப்பு. "தம்பி, போதகர் கடன்பட்டு ஜெயிலுக்குப் போனார்னு பிள்ளைங்க முன்னாடி சொன்னா நாளைக்கு யாருய்யா காணிக்கை போடுவா?" என்றார்.

அவர் நல்ல மனிதர், சண்டை இல்லை. ஆனால் அந்தப் பத்தி இல்லாமல் மறுபடி படித்துப் பார்த்தால் மீதி எல்லாம் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

---

வேப்பேரி வாசகன்

முதலில் நன்றி. புரசைவாக்கத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் "பெப்ரிசியஸ் ஸ்கூல்" என்று டிக்கெட் கேட்காத நாள் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தை அவர் கட்டவில்லை. அது அவருக்கு ரொம்பப் பின்னால் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷன் காலத்தில் வந்தது. பெயர் மட்டும் அவருடையது.

சிறைக்கதைக்கு வருவதற்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர் உட்கார்ந்த இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து எழுதியவர் இல்லை. வந்து நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கறுப்பர் நகரத்தில் இருந்த மிஷன் இடம் போயிற்று. இவரும் சபையாரில் ஒரு பகுதியும் டச்சுக்காரர்கள் கையில் இருந்த பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார்கள். 1749-ல் சென்னை திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது இவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. 1752-ல்தான் வேப்பேரியில் இருந்த கோயில் இவர்கள் பொறுப்பில் கொடுக்கப்பட்டது. அது ஆர்மீனிய வியாபாரி கோஜா பெத்ரூஸ் உஸ்கான் கட்டியது. பரங்கிமலைப் படிகளையும் அடையாற்றுப் பாலத்தையும் கட்டியவரும் அவர்தான்.

சரி, ஆறு வருடம் ஆயிற்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. வேப்பேரி கோட்டைக்கு வெளியே அல்லவா? கொள்ளை. மறுபடியும் பழவேற்காடு.

இரண்டு தடவை மூட்டை கட்டி ஓடிய மனிதர் இடையிடையே எபிரேயுவையும் கிரேக்கத்தையும் வைத்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். சிறையைப் பற்றி அப்புறம் வருகிறேன், ஆபீஸ் நேரம்.

---

அகராதிப்பித்து

நான் கிறிஸ்தவன் இல்லை, லுத்தரன் என்றால் யார் என்பதே இந்த இழைக்கு வந்துதான் கொஞ்சம் புரிந்தது. ஆனால் பெப்ரிசியஸ் என் மேசையில் இருபது வருடமாக இருக்கிறார். 1972-ல் தரங்கம்பாடியில் அச்சான நான்காம் பதிப்பு. முதுகட்டை கிழிந்து, புடவைத் துணி ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதல் பதிப்பு 1779, வேப்பேரி அச்சகம். அவரும் உடன் ஊழியர் பிரைட்ஹாப்ட்டும் சேர்ந்து செய்தது. தலைப்பில் தமிழ் என்று இருக்காது, "மலபார்" என்று இருக்கும். அன்றைக்கு ஐரோப்பியர்கள் நம் மொழியை அப்படித்தான் சொன்னார்கள். சுமார் 9,000 சொற்கள். அதற்குப் பிறகு 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதியில் 67,000-க்கு மேல் என்பதால் இது சின்னதுதான். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-லேயே வந்துவிட்டது என்பதால் இது முதலும் இல்லை.

ஆனாலும் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். காரணம், மூலச் சொல்லைக் கொடுத்துவிட்டு அதன் கீழே அந்தச் சொல் புழங்குகிற விதங்களை வரிசையாகக் கொடுத்திருக்கும். சந்தையில், வீட்டில், வயலில் சொல்கிற மாதிரி. ஏட்டுச் சொல்லை மட்டும் பொறுக்கியவர் செய்கிற வேலை இல்லை இது. காதை வைத்துக் கேட்டவர் வேலை.

இந்த இழையைப் படித்ததும் "கடன்" என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன். வாங்கிய கடனும் அங்கே இருக்கிறது, கடமையும் அங்கே இருக்கிறது. கடன்காரன் என்கிற சொல்லை நாம் கொடுத்தவனுக்கும் சொல்கிறோம், வாங்கியவனுக்கும் சொல்கிறோம். இரண்டு பக்கமும் ஒருவரே மாட்டிக்கொள்ள முடியும் என்பது தமிழுக்குத் தெரிந்திருக்கிறது.

---

சந்தேக தோமா

நல்லா இருக்கு. ஆனால் எல்லாரும் ஒரே திசையில் போகிறீர்கள், ஒரு ஆள் எதிர்த்திசையில் நிற்கட்டும்.

இந்த மிஷனரிகளை நினைவுகூர்வது எப்போதும் ஐரோப்பியர் பெயரோடு முடிந்துவிடுகிறது. பெப்ரிசியஸுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது யார்? வாக்கியத்தை வாசித்துக் காட்டியபோது "ஐயா, இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று திருத்தியது யார்? உபதேசிமார்கள் (மிஷனுக்காகப் போதித்த உள்ளூர்க்காரர்கள்), முன்ஷிகள் (மொழி ஆசிரியர்கள்). அவர்கள் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதா?

லுத்தரன் போதகர் என்றால் ஆரோன் ஐயரை எடுத்திருக்கலாமே. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர், 1718-ல் திருமுழுக்கு, 1733 டிசம்பர் 28-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவர். மாயவரம் பக்கம் நடந்தே ஊழியம் செய்து 1745-ல் போய்விட்டார். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார், தஞ்சாவூர்ப் பக்கம். உழைப்பில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அவருக்கு ஏன் குருப்பட்டம் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1741-ல் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. பெப்ரிசியஸ் தரங்கம்பாடியில் இருந்த வருடம்தான் அது.

சிறைக்குப் போனதைச் சொல்லலாமா என்று யோசிக்கிறீர்கள். கோயிலுக்குள் சாதி வாரியாக உட்காரவைத்ததைச் சொல்லலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

---

ஜெபா_தரங்கை

தோமா அண்ணன், நியாயமான கேள்வி. மழுப்பவில்லை. அன்றைய லுத்தரன் மிஷனரிகள் சாதியைச் சகித்துக்கொண்டார்கள் என்பது உண்மை. 1840-களில் வேப்பேரி சபையிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து நம் லைப்சிக் மிஷனோடு சேர்ந்ததற்கும் அதுவே காரணம். ஆங்கிலிக்கன் மிஷன் சாதியை விடச் சொல்லிக் கண்டிப்புக் காட்டியது, விடப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சென்னையில் லுத்தரன் சபை மறுபடி தலையெடுத்த கதையில் பெருமைப்பட முடியாத பக்கம் அது.

ஆரோன் ஐயரை அடுத்த வருடம் எடுக்கிறேன், வாக்கு. ஆனால் ஆளை மாற்றினால் என் பிரச்சினை தீராது. பெப்ரிசியஸை எடுத்தாயிற்று, சிவப்புக் கோடும் விழுந்தாயிற்று.

---

பழைய ஆடிட்டர்

முப்பத்திரண்டு வருடம் கணக்குத் தணிக்கை செய்தவன். அதில் பாதி அறக்கட்டளைகளும் சபைகளும். சிறைப் பத்தியைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் அந்தக் காலத்துச் சென்னையைக் கண்முன் கொண்டுவாருங்கள். சாதாரண ஆள் கையில் நாலு வராகன் சேர்ந்தால் எங்கே வைப்பான்? தெருமுனையில் பேங்க் கிடையாது. நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவைப்பான். கொடுத்தவன் வட்டி எதிர்பார்ப்பான். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அந்த வட்டி வரும். ஊர் முழுக்க இப்படி ஒரு சங்கிலி. மேலே உட்கார்ந்திருந்தவர் யார்? ஆற்காட்டு நவாப் முகமது அலி. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் முதற்கொண்டு அவருக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றம்வரை போய், 1785-ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அப்படிப்பட்ட ஊர்.

இந்த ஊரில் கல்யாணம் ஆகாத, ஆடம்பரம் இல்லாத, பொய் சொல்லத் தெரியாத ஒரு போதகர் இருந்தால் ஜனங்கள் பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? சொல்லுங்கள்.

பெப்ரிசியஸ் தன் பையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. மிஷன் பணமும் பிறர் ஒப்படைத்த பணமும் அவர் கையில் இருந்தன. வட்டி வரும், ஏழைகளுக்கும் மிஷனுக்கும் ஆகும் என்று கடன் கொடுத்தார். வாங்கியவர்கள் கொடுக்கவில்லை. ஆனால் இவரிடம் கொடுத்துவைத்தவர்கள் கேட்டார்கள், கேட்கத்தானே செய்வார்கள்? அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கடன் கட்டாதவரைப் பிடித்து உள்ளே வைக்கலாம். வைத்தார்கள்.

இதில் என் தொழில் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான். ஒரே ஆள் பிரசங்கம் செய்கிறார், மொழிபெயர்க்கிறார், அச்சகம் பார்க்கிறார், பணமும் வைத்துக்கொள்கிறார். இரண்டாவது கையெழுத்து இல்லை. நான் பார்த்த சபைக் கணக்குகளில் திருடனால் வந்த நஷ்டம் குறைவு. நல்லவரிடம் போய்க் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டதால் வந்த நஷ்டம்தான் அதிகம். உங்கள் பொருளாளர் ஐயாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபப்படுவார். பரவாயில்லை.

---

ரூத்து அக்கா

ஆடிட்டர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

நான் போதகர் வீட்டுப் பிள்ளை. எங்கள் அப்பா ஒரு சின்னச் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) இருந்தபோது சபையில் விதவைகள், கூலிவேலைக்காரர்கள் "ஐயர்கிட்ட இருந்தா பத்திரம்" என்று சிறுசேமிப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். போஸ்ட் ஆபீஸ் ஆறு மைல். அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துணி முடிச்சு, முடிச்சோடு ஒரு துண்டுக் காகிதம். பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம் வரைந்திருப்பார்: ஒருவருக்கு ஆடு, ஒருவருக்குக் குடம்.

ஒரு மழைக்காலத்தில் சபையில் ஒருவருக்கு ஆபரேஷன். அப்பா அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார், அறுவடையில் திருப்பித் தருகிறேன் என்றார்கள். தரவில்லை. குடம் வரைந்த முடிச்சுக்காரி மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டு வந்தபோது அம்மா தன் கையில் கிடந்ததைக் கழற்றினார். எங்கள் வீட்டில் இதைப் பற்றி அப்புறம் யாரும் பேசியதில்லை. அப்பா ஓய்வுபெற்றபோது கொடுத்த வாழ்த்து மடலில் "பொருளாசை அற்றவர்" என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

ஜெபா தம்பி, சொல்லுங்கள். ஆனால் "பாவம், ஏமாந்துபோனார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பணத்தைக் கொடுத்துவைத்துவிட்டு இழந்தவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, அகராதியும் இல்லை.

---

வேப்பேரி வாசகன்

அக்கா எழுதியதற்குப் பிறகு என் தகவல்கள் சப்பென்று இருக்கும், இருந்தாலும் விட்டதை முடிக்கிறேன்.

அச்சகத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 1761 ஜனவரியில் சர் அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரமும் கைக்கு வந்தது. சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. பெப்ரிசியஸிடம் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: கம்பெனிக்கு வேலை இருந்தால் அதையும் அச்சடித்துத் தர வேண்டும். இப்படி யுத்தக் கொள்ளையாக வந்த இயந்திரத்தில்தான் வேப்பேரியில் ஞானப்பாட்டும் புதிய ஏற்பாடும் அகராதியும் அச்சாயின. புதிய ஏற்பாடு 1772. பழைய ஏற்பாடு முழுதாக அச்சேறியதை அவர் பார்க்கவில்லை, அது 1796.

கடைசிக் காலம்: 1788-ல் கெரிக்கே ஐயர் வந்து சென்னை மிஷனைப் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் கணக்கு வழக்கில் கெட்டி. மூன்று வருடம் கழித்து, 1791 ஜனவரியில், 80 வயது நிறைந்த கையோடு பெப்ரிசியஸ் இறந்தார்.

இதையும் யோசியுங்கள்: ஷ்வார்ட்ஸ் ஐயருக்குத் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் பளிங்குச் சிற்பம் வைத்தார், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. சென்னை கோட்டை தேவாலயத்தில் கம்பெனியும் அவருக்கு ஒன்று வைத்தது. ஒரே ஹாலே, ஒரே தரங்கம்பாடி, பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு பேர். ஒருவர் ஹைதர் அலியிடம் தூது போனார், இளவரசருக்குக் காப்பாளராக இருந்தார், கையில் வந்த பணத்தைச் சரியாக நிர்வகித்து மிஷனுக்கு விட்டுப்போனார். இன்னொருவர் வாக்கியத்தைச் சரியாக நிர்வகித்தார்.

---

சந்தேக தோமா

கடைசி வரி நல்லா வந்திருக்கு. ஒத்துக்கொள்கிறேன், வேண்டாவெறுப்பாக.

அந்த வாக்கியம் உண்மையிலேயே அவ்வளவு நல்லதா? ஞானப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மெட்டு அப்படியே, ஜெர்மன் யாப்பு அப்படியே, தமிழை உள்ளே திணித்திருக்கிறார். சின்ன வயசில் கோயிலில் அந்தப் பாட்டுகள் ஆரம்பித்தால் எனக்கு ஒரு பாட்டுக்குள் இரண்டு தூக்கம் வரும். தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வந்து கர்நாடக ராகத்தில் பாடிய பிறகுதான் சபைக்கு மூச்சு வந்தது.

---

ரூத்து அக்கா

தோமா தம்பி, மெதுவாகப் பாடினால் தூக்கம் வரும். ஆர்மோனியம் வாசிக்கிறவரைக் குறை சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பாட்டி, எழுத்து தெரியாது. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டு பதினைந்து இருபது சரணம், ஒன்றுவிடாமல் மனப்பாடம். அடக்க ஆராதனையில் பாட்டுப் புத்தகம் கொண்டுவர மறந்தவர்கள் அந்தப் பாட்டி பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். வாயைப் பார்த்துப் பாடலாம். திணித்த தமிழ் என்றால் எழுத்து தெரியாதவர் வாயில் எப்படி நின்றது? கீர்த்தனை எனக்கும் பிடிக்கும். ஆனால் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அந்த இழுத்த மெட்டுதான் வேண்டும்.

---

அகராதிப்பித்து

வாக்கியம் நல்லதா என்பதற்கு ஒரு வெளி ஆளின் சாட்சி. தமிழ் வேதாகம வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரிகிறது: சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது, முன்னோடி வேலை, ஆனால் நடை கரடுமுரடு. பெப்ரிசியஸ் அதைத் தொட்டுத் திருத்தப் போய், மூலமொழியிலிருந்தே மறுபடி தொடங்கினார். பிற்காலத்தில் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் குழுவினர் 1871-ல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்புக்கும் இவர் நடைதான் அடிப்படை. இன்றைக்கும் கிறிஸ்தவ நண்பர்கள் வாசிக்கும்போது நான் கேட்கிற அந்தத் தனி மாதிரியான தமிழின் ஓசை பெரும்பாலும் இவர் பக்கத்திலிருந்து வருவது. லுத்தரன் சபையார் புது மொழிபெயர்ப்பு வந்த பிறகும் நீண்ட காலம் இவருடையதை விட மறுத்தார்கள் என்று படித்தேன். கடவுளுக்கு அவர் வைத்த சொல் "பராபரன்". பவர் அதைத் "தேவன்" ஆக்கினார். எனக்குப் பராபரன் பிடிக்கும். தாயுமானவர் கண்ணிகளில் கேட்ட சொல் அது. தாயுமானவரும் இவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவர்கள்தானே.

ஒரு கேள்வி, தெரியாமல் கேட்கிறேன். உங்கள் கர்த்தருடைய ஜெபத்தில் கடனைப் பற்றி ஒரு வரி உண்டா?

---

ஜெபா_தரங்கை

உண்டு. கோயிலில் "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டதால் எனக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. மத்தேயு 6-ஆம் அதிகாரம், 12-ஆம் வசனம்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கிரேக்கத்திலும் அங்கே இருப்பது கடன் என்ற சொல்தான்.

இதை அவரும் உட்கார்ந்து மொழிபெயர்த்திருப்பார் அல்லவா? புதிய ஏற்பாடு முழுக்கச் செய்தவர் இந்த வசனத்தையும் தாண்டித்தானே போயிருப்பார்.

இன்று ராத்திரி பேச்சை மறுபடி எழுதுகிறேன். பொருளாளர் ஐயாவிடம் காட்டப் போவதில்லை. தப்பா?

---

பழைய ஆடிட்டர்

காட்டுங்கள். கோடு போட்டால் போடட்டும். காட்டாமல் பேசினால் இரண்டாவது கையெழுத்து இல்லாத வேலை ஆகிவிடும்.

---

ஜெபா_தரங்கை

மூன்று வாரமாக இங்கே எட்டிப் பார்க்க முடியவில்லை. கூட்டம் முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடிட்டர் ஐயா சொன்னபடி பேச்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொருளாளர் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். "உங்க இஷ்டம்" என்றார். சம்மதமா கோபமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

அன்றைக்கு வாலிபர்கள் நாற்பது பேர், பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பழவேற்காட்டுக்கு இரண்டு தடவை ஓடியதைச் சொன்னபோது பின்வரிசை கொஞ்சம் நிமிர்ந்தது. அகராதியைச் சொன்னபோது போன் பார்க்கப் போய்விட்டார்கள். (மன்னிக்கவும் அகராதிப்பித்து.) கடனுக்கு வந்தேன். ஐயரிடம் பணம் கொடுத்துவைத்தவர்கள், திருப்பித் தராதவர்கள், சிறை எல்லாம் சொன்னேன். ரூத்து அக்கா, உங்கள் பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் அந்தப் பிஸ்கட் டப்பாவையும் ஆடு, குடம் படத்தையும் சொன்னேன். கேட்காமல் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் போன் எல்லாம் கீழே இறங்கியது. ஒரு வயதான அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிற்பாடு கேட்டால் வியர்வை என்றார்.

தோமா அண்ணன், ராஜநாயக்கன் கதையும் இரண்டு நிமிடம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பையன் எழுந்து கேட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதைத் தனி இழையாகப் போடுகிறேன்.

கூட்டம் கலைந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தோம். பொருளாளர் ஐயா வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து காணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, இங்க வாங்க" என்றார். பையை என் பக்கம் தள்ளினார். "நீங்களும் ஒரு தடவை எண்ணுங்க."

எண்ணினேன். அவர் எழுதியதைவிடப் பத்து ரூபாய் கூட வந்தது. அவர் மறுபடி எண்ணினார். கூடத்தான். இரண்டு பத்து ரூபாய்த் தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தொகையை அடித்துத் திருத்தினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், அந்த நோட்டு முழுக்க அவர் கையெழுத்து ஒன்றுதான்.

---

பழைய ஆடிட்டர்

அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டீர்களா?

---

ஜெபா_தரங்கை

போட்டோம் ஐயா. இரண்டு பேரும்.